என் அறைக்கு நானே ரூம் பாய்

வாடகை குறைவு என்று தெரிந்தால் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவேன். ஆராய்ச்சி மாணவனுக்கு இருக்கக் கூடாத குணம்தான். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகையில் மூன்று வேளை சாப்பிட முயன்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முதுகலை ஆய்வுக்காகச் சீகிரியாவில் சில மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. சுற்றுலாவால் கிராமக் குடும்பங்களின் வருமானம் எப்படி மாறுகிறது என்பது தலைப்பு. (எப்படி மாறுகிறது என்று அறை தேடிய முதல் நாளே தெரிந்துபோனது.) ஒரு வீட்டில் டொலரில் வாடகை சொன்னார்கள். இன்னோர் இடத்தில், ஹோட்டல் ஊழியர்கள் நிறைந்த அறையில், கதவுக்குப் பின்னால் பாய் விரிக்க இடம் காட்டினார்கள். யாராவது கதவைத் திறந்தால் எழுந்து நின்றுகொள்ள வேண்டுமாம். கடைசியாகக் கிடைத்தவர்தான் சோமா அக்கா. சுத்தமான அறை, ஒட்டிய குளியலறை, நம்ப முடியாத வாடகை.

"சீசன் வந்தா மட்டும் கொஞ்சம் சமாளிச்சுக்கணும், மல்லி" என்றார் சிங்களத்தில். (மல்லி என்றால் தம்பி.) தண்ணீர் குறையும் போல என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினேன்.

சீசன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுவிட்டு, புழுதியும் வேர்வையுமாக வந்து அறைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் கட்டிலில் இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் அன்னமாக மடித்த துவாய்கள். அதில் ஒன்று என்னுடையது! காலையில் நான் முகம் துடைத்த துவாய், மத்தியானம் காதல் செய்துகொண்டிருந்தது. புத்தகங்களைக் காணோம். உடுப்புகளைக் காணோம். பல் துலக்கும் கோப்பையில் செவ்வரத்தம்பூ. கள்வன் வந்தால் எடுத்துக்கொண்டு போவான், பூ வைத்துவிட்டா போவான்?

"அக்கே!" என்று அலறினேன்.

சோமா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். "கத்தாத மல்லி. கெஸ்ட் வந்துட்டாங்க. ஒன் சாமானெல்லாம் வெறகுக் கொட்டில்ல பத்திரமா இருக்கு. ரெண்டு நாள்தான். இது ஒன் ரூம்னு மட்டும் சொல்லிறாத, கெட்டதா எழுதிப் போட்டுருவாங்க. அப்புறம் ஒருத்தரும் வரமாட்டாங்க. புள்ளைங்க படிப்பே இதுலதான் ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசம் பூரா ஒனக்குச் சோறு சும்மா."

பொங்கி வந்த கோபம் சோறு என்ற இடத்தில் நின்றுவிட்டது.

வேனில் வந்து இறங்கியவர்கள் கொழும்புத் தமிழ்த் தம்பதி. கணவர் என் புழுதிச் சட்டையை ஒரு தடவை பார்த்தார். பெரிய பேக்கை என் பக்கம் நீட்டினார். என் கை என்னைக் கேட்காமலே அதை வாங்கிக்கொண்டது.

என் குளியலறைக்கு நானே சுடுதண்ணீர் சுமந்தேன். கட்டில் கிறீச்சிடுகிறது என்று கணவர் குறைப்பட்டபோது, "வலப்பக்கமா படுத்தீங்கன்னா சத்தம் வராது, சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா நல்லவர். தேநீர் கொண்டுபோனபோது, "தம்பி எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம், மிஸ்."

"கெட்டிக்காரரா தெரியிறீங்க. படிப்ப விட்டுறாதீங்க. இந்த வேலையோட நின்னுறக் கூடாது."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

ஞாயிறு மாலை அவர்கள் புறப்பட்டார்கள். கணவர் என் சட்டைப் பையில் ஒரு நோட்டைத் திணித்தார். (மறுக்கவில்லை. தொழிலுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.)

மறுநாள் என் புதிய மேற்பார்வையாளரைச் சந்திக்க வேண்டும். அவர் கொழும்புப் பேராசிரியர். ஒரு பயிலரங்குக்காக மாத்தளை வருவதால் அங்கேயே வரச் சொல்லியிருந்தார். அதுவரை ஃபோனில் மட்டும்தான் பேசியிருக்கிறோம். சீகிரியாவில் என் சிக்னலுக்கு யார் பேசினாலும் வாளிக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

கொட்டிலில் கசங்கிக் கிடந்த சட்டையை இஸ்திரி போட்டு, டை கட்டி, பஸ்ஸில் பாதி வழி, நாவுல என்ற ஊர் வரை, நின்றுகொண்டே போய், மாத்தளையில் இறங்கினேன். பயிலரங்கு மண்டபத்து அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

மேசைக்குப் பின்னால் அந்த அம்மா!

நான் கதவுப் பக்கம் ஓர் அடி பின்வாங்கினேன். அவருக்கோ முகம் மலர்ந்தது.

"அட, தம்பி! நான் மறந்துட்டு வந்த சார்ஜரக் கொண்டாந்தீங்களா? ஒரு சார்ஜருக்காகவா இவ்வளவு தூரம்? அதுவும் டை எல்லாம் கட்டிக்கிட்டு!"

"இல்ல மிஸ்... நீங்க வரச்சொன்ன ஸ்டூடன்ட் நான்தான்."

அவர் மேசையிலிருந்த என் ஆய்வுத் திட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்த ரூம்?"

"என்னோடது, மிஸ்."

"கட்டில்?"

"அதுவும்."

அவர் முகம் மெல்ல வெளுத்தது. "துவாய்?"

"ரெண்டுல ஒண்ணு, மிஸ்."

பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கவா, குமட்டலை அடக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கையை எடுத்தார். "திட்டத்துல பங்குபற்றல் அவதானம், மக்களோட சேர்ந்து வேல செஞ்சே கவனிக்கப்போறேன்னு எழுதியிருந்தீங்க. அத எப்பிடிச் செய்யப்போறீங்கன்னு கேக்கத்தான் ஒங்கள வரச் சொன்னேன். ஏற்கனவே செஞ்சு முடிச்சிட்டீங்க போல."

சோமா அக்காவிடம் அனுமதி வாங்கி, பெயரை மாற்றி, அந்த இரண்டு நாளையும் ஓர் அத்தியாயமாக எழுதினேன். பரீட்சகர்கள் பாராட்டியது அதை மட்டும்தான். பட்டமும் கிடைத்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் தங்க வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்பே என் மனைவி சொல்லிவிடுவாள்: "பேக்க அவருகிட்ட குடுங்க. அதுலதான் அவரு மாஸ்டர்ஸ் முடிச்சிருக்காரு."