நிலவறையில் மஞ்சள் தண்ணீர்

ஒரு சலவைக்காரியின் பிழைப்பை நான் நாலு கரண்டி மஞ்சள்தூளால் கெடுத்தேன். கோபத்தில் செய்திருந்தால் மன்னிப்புக்கு ஏதாவது வழி இருந்திருக்கும். நான் அதை அறிவியல் என்று நினைத்துச் செய்தேன்.

சென்னையில் வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு மொரீசியசுக்குத் திரும்பி, ஓயாமல் மழை பெய்யும் மேட்டு நகரமான கியூர்பிப்பில் ஒரு காலேஜில் (எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர்) ஆசிரியராக இருந்தேன். சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறின. அப்படி ஒரு வீடு எனக்குக் கிடைத்தது. மர வீடு, தகரக் கூரை, அடியில் கருங்கல் சுவர் எழுப்பிய நிலவறை. பழைய சொந்தக்காரர்கள் அதில் ஒயின் வைத்திருந்தார்கள். நான் புத்தகங்களை வைத்தேன். முதல் வேலையாக வாசற்படியோரம் ஆழக் குழி தோண்டி, சிமெண்டுக் கம்பம் நட்டு, பெயர்ப்பலகை மாட்டினேன். அதில் என் பெயரைவிட பி.எஸ்ஸி. பெரிதாக இருந்தது. (பெயிண்டர் செய்த தவறு என்று வந்தவர்களிடம் சொல்லுவேன். அளவு கொடுத்தது நான்தான்.)

அடுத்த மாதமே நிலவறையில் தண்ணீர். முதலில் சுவரில் வியர்வை போல இருந்தது. பிறகு கணுக்கால் அளவுக்கு நின்றது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் பாலில் போட்ட ரொட்டியாக உப்பின. விரிசல்களில் சிமெண்டு பூசினேன், தார் பூசினேன். தண்ணீர் இரண்டையும் மதிக்கவில்லை.

மேட்டுப் பக்கம், மதிலை ஒட்டி வீரம்மாவின் சலவைத் தொட்டி. விதவை. சர்க்கரை ஆலை முதலாளி வீட்டுத் துணிகளைத் துவைத்து வாழ்ந்தவர். அவர் கொட்டும் தண்ணீர்தான் என் வீட்டுக்குள் இறங்குகிறது என்று தீர்மானித்து, மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னேன். (அன்று நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், இங்கே தமிழில் தருகிறேன்; மிஸ்யே என்றால் ஐயா.)

"கியூர்பிப்புல மேலயும் தண்ணி, கீழயும் தண்ணி, மிஸ்யே. அதுல எது என்னுதுன்னு எப்படிக் கண்டீங்க? பேரு சொல்லிக் கூப்பிட்டீங்களா, திரும்பிப் பாத்துச்சா?" என்றார்.

தெருவில் நின்ற இருவர் சிரித்தார்கள். பிறகு நான் செய்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சுகாதார இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுத்தேன். அவர் ஆதாரம் கேட்டார். ஒரு சனிக்கிழமை, காவடிக்குக் கொடியேற்றும் நாள். விடிந்ததும் வீரம்மா உலர்ந்த துணிகளைக் கொடுக்கப் போன நேரம் பார்த்து, மதிலேறிக் குதித்து, அவருடைய தொட்டியில் இருந்த சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மஞ்சளைக் கொட்டினேன். அடியில் முதலாளி வீட்டுக் கல்யாண விருந்துக்கான மேசைவிரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. நான் குனிந்து பார்க்கவில்லை. திரும்பி ஏறும்போது கால்சட்டை பின்புறம் கிழிந்தது. அதையும் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு என் நிலவறையில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பளிச்சென்ற மஞ்சள். கிழிந்த கால்சட்டையோடு தெருத்தெருவாக ஓடி இன்ஸ்பெக்டரை அழைத்துவந்தேன். மனிதர் வேதியியல் படித்தவரல்லர்; என் பெயர்ப்பலகையைப் படித்தவர். தொட்டியை மூட உத்தரவு எழுதிக் கொடுத்தார்.

வீரம்மா சிவந்து கிடந்த தன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மஞ்சள் போட்டது நீங்களா?"

"அது ஒரு சோதனை," என்றேன்.

இன்ஸ்பெக்டர் போனதும் என் மனைவி தேவகி நிலவறைப் படியில் வந்து நின்றாள்.

"அந்தம்மா தொட்டி சிவப்பா இருக்கு. நம்ம தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?"

"மஞ்சள் போட்டால் மஞ்சளாகத்தான் இருக்கும்."

"ஆரத்தி எப்படிக் கரைக்கறோம்? மஞ்சள்ல சுண்ணாம்பு சேந்தா சிவக்குது. சோடா சேந்தாலும் அப்படித்தான். அங்கேருந்து வந்திருந்தா சிவப்பா வரணும்." கீழே கையைக் காட்டினாள். "விரதம் ஆரம்பிக்குதுன்னு காலையில வீடு முழுக்க மஞ்சத் தண்ணி விட்டுக் கழுவினேன். அதுதான் கீழ நிக்குது."

மஞ்சள் தடவிய தாளைச் சோடாவில் நனைத்தால் சிவக்கும் என்று ஆண்டுதோறும் நாற்பது மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறவன் நான். யாரிடமும் சொல்லாதே என்றேன்.

திங்கட்கிழமை காலை வீரம்மா கறை பட்ட விரிப்பு மூட்டையோடு என் வாசலில் நின்றார்.

"முதலாளி வீட்டு மதாம் நம்ப மாட்டேங்கறாங்க. காலேஜ் வாத்தியார் எதுக்கு உன் தொட்டியில மஞ்சள் போடறாருன்னு சிரிக்கறாங்க. இந்த வீட்டு வேலை போனா எனக்குத் துவைக்க வேற வீடு இல்ல. ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க மிஸ்யே. நான் உங்களைத் திட்ட மாட்டேன்."

போனால் ஏன் போட்டேன் என்று கேட்பார்கள். சொன்னால் எல்லாம் வெளியே வரும். "எனக்கு வகுப்பு இருக்கிறது," என்று சைக்கிளில் ஏறினேன். உண்மைதான், வகுப்பு இருந்தது.

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. தொட்டி காய்ந்து கிடந்தது. என் நிலவறையில் மட்டும் தண்ணீர் குறையவில்லை. ஒரு மாதம் பொறுத்து, குழாய் வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். சமையலறைத் தண்ணீரையும் வீடு கழுவும் தண்ணீரையும் தெருவுக்குக் கொண்டுபோகும் மண்குழாயைத் தேடி வாசற்படியோரம் தோண்டினார். என் சிமெண்டுக் கம்பம் அதைக் குத்தி உடைத்துக்கொண்டு நின்றது.

"எந்த மடையன் மிஸ்யே இதை இங்க நட்டது?"

"பலகையில் எழுதியிருக்கிறது," என்றேன்.

அன்றே பலகையைக் கழற்றினேன். நடந்ததை முழுக்க எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன், உத்தரவு ரத்தானது. முதலாளி வீட்டுக்குப் போய் மதாமிடமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்யாணம் முடிந்துவிட்டது, வேறு ஆள் வைத்தாயிற்று என்றார்.

வீரம்மா தலைநகர் போர்ட் லூயிசில் தங்கை வீட்டில் இருந்தார்; அங்கே போனேன். முற்றத்துக் கொடியில் அந்த மேசைவிரிப்புகள் தொங்கின. தூய வெள்ளை.

"வேணாம்னு என் மேலயே எறிஞ்சாங்க. இங்க ரெண்டு நாள் வெயில் பட்டுது, வெளுத்துடுச்சு."

கியூர்பிப்பில் அந்த வெயில் இல்லை. ஆனால் போர்ட் லூயிசுக்குப் பஸ் இருந்தது. அவர் மூட்டையோடு வந்த அன்று கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வெயிலில் மஞ்சள் வெளுக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"தொட்டியைத் திறந்துவிட்டார்கள். வாருங்கள்," என்றேன்.

"தொட்டி திறந்திருக்கு. யார் வீட்டுத் துணியைப் போட?"

அவர் திரும்பி வரவில்லை. கடைசிவரை ஒரு சலவைக்கடையில் கூலிக்கு நின்றார். பல வருடம் கழித்து என் மகளின் கல்யாணத்துக்கு நேரில் போய் அழைத்தேன், வந்தார். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கரைத்தவர் அவர்தான். தட்டு மணமக்களிடம் போகும் முன் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்ன நிறம், மிஸ்யே?"

"சிவப்பு."

"சத்தமாச் சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். உறவுகள் எல்லோரும் சிரித்தார்கள். தேவகி ஏற்கெனவே கதையைப் பரப்பியிருந்தாள். இன்றும் எங்கள் வீட்டில் ஆரத்தி எடுத்தால், தட்டு முதலில் என்னிடம் வரும். "தாத்தா, என்ன நிறம்?" என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். நான் சத்தமாகச் சொல்வேன். வீடே சிரிக்கும்.

அன்று முதன்முதலில் கேட்டவர் சிரிக்கவில்லை. பதில் வரும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.