உலகம்மையின் கரிமீன்

வீட்டுக்குள் வந்துவிட்ட மீனை எங்கே ஒளித்துவைப்பது என்று உலகம்மைக்குத் தெரியவில்லை. அரிசி டின்னில் வைத்தால் அரிசி போச்சு. ஃபிரிட்ஜில் வைத்தால் குடும்ப மானமே போச்சு. வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டதும், பதறிப்போய், அதைப் பழைய பேப்பரில் சுருட்டி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினாள்.

சமைப்பதற்கு வாங்கிய மீன் இல்லை அது. ஆனால் அப்படிச் சொன்னால் நம்புவதற்கு ஆரியசாலையில் ஆள் கிடையாது. நாஞ்சில் நாட்டிலிருந்து மொத்த வியாபாரத்துக்காக மலையாள மண்ணுக்கு வந்து, வெங்காயம் பூண்டோடு நாக்கை நிறுத்திக்கொண்ட சைவக் குடும்பங்கள் வாழும் தெரு. அந்தத் தெருச் சைவ சபையின் செயலாளர் வேறு யாருமில்லை, உலகம்மையின் கணவர் கோலப்பன்தான். பேரனின் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறது என்று தெரிந்ததும், மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு கேக்கைக் கடைக்கே திருப்பி அனுப்பிய மனிதர்.

உலகம்மை கல்யாணத்துக்கு முன்னால் நுண்கலைக் கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்று, "மிச்சத்தைக் கல்யாணம் முடிஞ்சு படிக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னவரும் இதே கோலப்பன்தான். அதன் பிறகு கடை, பிள்ளைகள், மாமியாரின் முழங்கால், மாமனாரின் சர்க்கரை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. போன வருடம் அறுபது பிறந்தபோது அவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் ஒரு மாலை நேர ஓவிய வகுப்பில் பணம் கட்டிவிட்டு வந்து, இரவுச் சப்பாத்தியோடு தகவலையும் பரிமாறினாள். கோலப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கிளாஸ் என்ற பெயரில் ஒரு அசுத்தம் வீட்டுக்குள் வந்தால், அன்றோடு கிளாஸ் நின்றுவிடும்.

இந்த மாதம் வகுப்பில் அச்சுக்கலை. முழு மீனைத் துடைத்து ஈரம் போக்கி, அதன்மேல் கறுப்பு மை தடவி, மெல்லிய தாளைப் போர்த்தி விரலால் நீவினால், செதில் செதிலாக மீன் தாளில் இறங்கிவிடும். அதற்குத் தனிக் கை வேண்டும். ஹரிகுமார் சார் எல்லாரிடமும் மீன் கொண்டுவரச் சொல்லிவிட்டு, இவளிடம் மட்டும் கனிவோடு, "சேச்சிக்கு ஆலிலை மதி" என்றார், ஆலிலையே போதுமாம்.

அங்கேதான் வினை. எல்லாருக்கும் மீன், எனக்கு மட்டும் இலையா என்று உலகம்மைக்குக் கோபம் பொங்கியது. இலையும் பூவும் கோலமும் வாழ்நாள் முழுக்க வரைந்தாகிவிட்டது. அதற்காகவா இந்த வயதில் பஸ் ஏறி வருகிறாள்? "எனக்கும் மீன்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஓட்டல் பலகைகளில் பார்த்த வகையில் அவளுக்குத் தெரிந்த ஒரே மீன் கரிமீன். சாலை மார்க்கெட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பி, குத்துமதிப்பாக விரலை நீட்டி, "அந்தக் கரிமீன் ஒண்ணு, வெட்டாண்டாம்" என்றாள். விற்றவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பையை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

கோலப்பன் காலையிலேயே நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். சாயங்காலம்வரை வீடு அவளுடையது. முதலில் எடுத்த அச்செல்லாம் மை ஈஷிப்போயின. கடைசித் தாளை உரித்தபோது கண், செவுள், வாலின் ஒவ்வொரு கீற்றும் அப்படியே இறங்கியிருந்தது. உலகம்மை அழுதுவிட்டாள். இத்தனை காலம் கழித்து, தன் கை இன்னும் தன்னுடையதாகவே இருக்கிறது என்று தெரிந்த சந்தோஷம். தாளின் அடியில் பென்சிலால் 'கரிமீன் - உலகம்மை' என்று எழுதினாள். அப்போதுதான் கேட் திறந்தது.

"பஸ் இல்ல. மின்னல் பணிமுடக்காம், சொல்லாம கொள்ளாம ஸ்டிரைக்கு" என்று சலித்துக்கொண்டே வந்த கோலப்பன், கொடியில் கிடந்த தன் துவர்த்தை எடுத்து வேர்த்த முகத்தை அழுந்தத் துடைத்தார்.

மீனின் ஈரத்தை உலகம்மை ஒற்றியெடுத்தது அந்தத் துவர்த்தால்தான். அவசரத்துக்குக் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

"என்னமோ நாறுகே" என்றார் கோலப்பன்.

சாக்கடையாக இருக்கும் என்றாள். அவர் கூடத்துக்குப் போனார்; அங்கேயும் நாறியது. படுக்கையறைக்குப் போனார்; அங்கேயும். பூஜை அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியவர் ஆடிப்போனார். உலகம்மை சாம்பிராணி போட்டாள். இப்போது வீடு சாம்பிராணி போட்ட மீன் கடை மாதிரி மணத்தது. மேலுக்குக் குளித்தால் சரியாகும் என்று அவள் யோசனை சொன்னாள். அவரும் சோப்பு தேய்த்துக் குளித்தார். குளித்துவிட்டு அதே துவர்த்தால் தலைமுதல் கால்வரை துவட்டிக்கொண்டு வந்தார். அதைப் பறித்து ஒளிக்கலாம் என்று அவள் வைத்திருந்த திட்டம் பலிக்கவில்லை.

"சாக்கடை இல்ல கேட்டியா, மீனு. மாடியிலருந்துதான் வருது" என்று தீர்ப்புச் சொன்னார் கோலப்பன்.

மாடியில் வாடகைக்கு இருப்பது கலைச்செல்வியும் அவள் கணவனும். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனைக்குத் தலையாட்டிக் குடிவந்து, அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் வந்தார்கள். அவர்களைக் காலி செய்யச் சொல்லச் சாட்சி வேண்டுமே. கோலப்பன் சபைத் தலைவர் மகாராஜா பிள்ளைக்கு ஃபோன் போட்டார். கொஞ்ச நேரத்தில் தலைவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கே போனாலும் அவரைக் கூட்டிப்போகிற சுஜித், ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நின்றான்.

விசாரணை தொடங்கியது. தலைவர் மாடிக்குப் போய், கோலப்பனை வாசலில் நிறுத்திவிட்டுப் பாத்திரம் பாத்திரமாக மோந்து பார்த்தார். ரசம்தான் மணத்தது. கீழே வந்தார். கோலப்பன் பக்கத்தில் வந்து நின்றதும் முகத்தைச் சுளித்தார்.

"கோலப்பா, நீ கிட்ட வந்தா நாத்தம் கூடுகே?"

"மாடியில நின்னேம்லா அண்ணாச்சி, ஒட்டியிருக்கும்" என்றார் கோலப்பன். தலைவருக்கும் அது நியாயமாகப் பட்டது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள், திருட்டுத்தனம் பண்ணுகிறவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடித்தார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கோலப்பன் அறிவித்தார்.

கலைச்செல்வி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஒரு தப்பும் செய்யாத பெண். வாயைத் திறக்காமல் இருந்தால் வகுப்பு பிழைக்கும், இந்தப் பெண்ணின் குடித்தனம் நடுத்தெருவுக்கு வரும். உலகம்மை அதற்குமேல் யோசிக்கவில்லை. விறுவிறுவென்று போய் வாஷிங் மெஷினைத் திறந்து, பேப்பரைப் பிரித்து, மை பூசிய மீனை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அவங்க இல்ல. நான்."

மகாராஜா பிள்ளை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தின்பதற்கு இல்லை, படம் எடுப்பதற்கு என்று உலகம்மை விளக்கினாள். துவர்த்தின் கதையையும் மறைக்காமல் சொன்னாள். கோலப்பன் தன் தோளில் கிடந்த துவர்த்தை விரல்நுனியால் எடுத்து முற்றத்தில் எறிந்தார்.

"மீனுன்னா என்னன்னே தெரியாத வீடு இது" என்றார். "இன்னையோட உன் கிளாஸ் முடிஞ்சுது."

"எனக்கெல்லாம் இத்தனை வயசுல மீனுக்குத் தல எது வாலு எதுன்னு தெரியாது" என்று தலைவரும் சேர்ந்துகொண்டார். சபையில் இதை எழுந்து நின்று எப்படிச் சொல்வது என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

உலகம்மை மீனைப் பேப்பரில் வைத்தாள். கை கழுவினாள். அவளுக்கு இப்போது பயமே இல்லை. பயப்படுவதற்கு மிச்சம் எதுவும் இல்லாதபோது மனம் லேசாகிவிடுகிறது.

"கல்யாணம் முடிஞ்சு படிக்கட்டும்னு சொன்னது ஆரு? நீங்கதான? எனக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு. பிள்ளையளுக்கும் முடிஞ்சாச்சு. நான் படிக்கப் போவேன். மீனு வரைவேன், நண்டு வரைவேன், சார் சொன்னா திமிங்கலமும் வரைவேன். பிடிக்காதவிய மூக்கப் பொத்திக்கிடுங்க."

உலகம்மை உள்ளே போய் அச்சுத் தாளை எடுத்துவந்தாள். கூடத்தில் சபையின் காலண்டர் தொங்கிய ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆணியில் மீனை மாட்டினாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம். கலைச்செல்வி அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் இருவரும், பார்ப்பதே பாவம் என்பதுபோல, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்ற சுஜித் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு இரண்டடி உள்ளே வந்தான். படத்தை மேலிருந்து கீழே பார்த்தான், அடியில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான், பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"அம்மா, படம் அடிபொளி. பட்சே இது கரிமீன் இல்ல, திலாப்பியா. கரிமீன் இன்னும் நல்லா அகலமா இருக்கும். சம்சயம்னா சாருங்க ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, மாசாமாசம் வேளிக்காயல் பக்கத்து ஓட்டலுக்குக் கரிமீன் சாப்பிட நான்தானே கூட்டிட்டுப் போறேன்."