சம்பந்திக்கும் எருமைக்கும் ஒரே பேச்சு

"எனக்கு அந்த மொழி தெரியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். யாரோடு பேசுகிற அளவுக்குத் தெரியும் என்று கேளுங்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். என்னை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் அண்ணன் கல்யாணம் ஒரு எருமையிடம் போய் மாட்டியிருக்காது.

நாங்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். வீட்டுப் பேச்சு தெலுங்கு. அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தோம். உண்மையில் எதற்கு எந்தப் பேச்சு என்பது எங்கள் வீட்டில் தானாகவே பிரிந்து கிடந்தது. சாமி கும்பிடுவது தமிழில். கரும்பு வெட்டு ஆட்களோடு தமிழ். அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவதும் தமிழில்தான் (பக்கத்து வீட்டுக்குப் புரிய வேண்டாமா?). அண்ணன் மினி லாரியில் கல்வராயன் மலைக்குச் சரக்கு ஏற்றிப் போவான். வெள்ளிமலையில் இறங்கியதும் மலைக்காரர்கள் மாதிரியே பேசுவான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வந்தால் மறுபடி 'இன்னா' ஒட்டிக்கொள்ளும்.

தெலுங்கு எதற்கு என்றால், அம்மா பிள்ளைகளை அதட்டுவதற்கு. அப்புறம் எருமைக்கு.

"மாட்டுக்கு மட்டும் ஏம்மா தெலுங்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்குத் தமிழ் தெரியாதுடி" என்றாள் அம்மா.

ரிஷிவந்தியத்தில் ஒரு தமிழ் வீட்டிலிருந்து வாங்கி வந்த எருமை அது.

இந்த நிலைமையில் அண்ணனுக்குச் சித்தூர்ப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா ஒரே நிபந்தனை வைத்தார்: மாப்பிள்ளை வீட்டில் தெலுங்கு பேச வேண்டும். பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல் வராது, அவள் அங்கே போய் ஊமையாக உட்காரக் கூடாது. நியாயம்தான். தரகர், "அவுங்க வூட்ல தமிழே கெடையாதுங்க" என்று அடித்துவிட்டார். அண்ணன் அதற்குள் பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தான்.

வீடு பார்க்க வந்தார்கள். வேனிலிருந்து பெண்ணின் அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அங்கேயே எங்கள் கதை முடிந்தது. வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் எங்கள் அப்பாவுக்குத் தமிழைத் தவிர வேறு எதுவும் வராது.

"வாங்க, வாங்க. இன்னா வெயிலு, இன்னா வெயிலு!"

அவர் நின்றுவிட்டார். "மீ இண்ட்லோ தெலுகு மாட்லாடரா?" என்றார். உங்கள் வீட்டில் தெலுங்கு பேச மாட்டீர்களா என்று கேட்கிறார். அப்பா வேட்டியைச் சரி செய்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் முகம் செத்துப்போனது.

எனக்குக் கோபம் வந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த தெலுங்கை எடுத்துவிட்டேன்.

"ரா! லோபலிக்கி ரா!"

உள்ளே வாடா என்று அர்த்தம். வந்தார்.

"கூச்சோ!"

உட்கார்ந்தார். பாவம், அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பிரமாதமாகப் போகிறது என்று நினைத்தேன். லட்டும் மிக்சரும் வைத்து "தினு!" என்றேன். ஒரு லட்டோடு போதும் என்று கையைக் காட்டினார். விருந்தாளியை வற்புறுத்த வேண்டும் அல்லவா? அதற்குத் தெலுங்கில் எனக்குத் தெரிந்தது, மாட்டுக்கு மருந்து புகட்டும்போது அம்மா சொல்வது மட்டும்தான்.

"நோரு தெரு!"

வாயைத் திற. திறந்தே இருந்தது. மூட மறந்துவிட்டார். அவர் சம்சாரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு விட்டேனா? கை கழுவக் கூட்டிப்போக வேண்டுமே. "லே!" என்றேன். எழுந்தார். வெளியே கொட்டகையில் சங்கிலி குலுங்கியது. எருமையும் எழுந்துவிட்டது. "ரா, ரா!" என்று கூப்பிட்டுக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். எருமை முளையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. தொட்டியில் அவர் ஒரு பக்கம் கையை வைத்தார், அது மறுபக்கம் வாயை வைத்தது.

அவர் எருமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தனக்கும் எருமைக்கும் ஒரே பேச்சா என்று தெலுங்கில் கேட்டார்.

அவர் வேலூர் சந்தைக்கு வந்து போகிறவர், தமிழ் நன்றாகப் புரியும் என்று தரகர் சொல்லியிருந்தார். தமிழிலேயே கொட்டிவிட்டேன். "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாங்க. எங்கம்மா எங்ககிட்டயும் மாட்டுகிட்டயும் தவிர யாருகிட்டயும் தெலுங்கு பேசி நான் கேட்டதில்ல. வூட்டுப் பேச்சு கேட்டீங்க. இதாங்க வூட்டுப் பேச்சு."

நேராக வேனில் ஏறிப் போய்விட்டார்கள். வெற்றிலைத் தட்டை யாரும் தொடவில்லை.

"எருமய கூப்புடற மாதிரி கூப்ட்டியேடி, பாவி!" என்றான் அண்ணன்.

"நீ ஏன் கம்முனு நின்னுகினு இருந்த? உனக்கு வாய் இல்ல?"

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. மலைக்குப் போனால் திரும்பி வரவே நேரமாக்கினான். போட்டோ மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். நடந்ததைத் தன் அம்மா சொல்லக் கேட்டு அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாளாம். கட்டினால் அந்த வீட்டில்தான் கட்டுவேன் என்றாளாம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "ஒருத்தருக்கும் ஒழுங்காகப் பேசத் தெரியாத வீட்டில் நான் வைத்ததுதானே சட்டம்?" என்றாளாம்.

அப்படியே ஆயிற்று. அண்ணி எங்களுக்கு மரியாதையான தெலுங்கு சொல்லிக்கொடுத்தாள். அண்ணனுக்கு நன்றாக வந்துவிட்டது. எனக்கு நாக்கு வளையவில்லை. அண்ணியோ இப்போது கள்ளக்குறிச்சிக் கடைக்காரர்களிடம், "இன்னாபா, ரேட்டு ஜாஸ்தியா கீதே?" என்று சண்டை போடுகிறாள்.

சம்பந்தி இன்றைக்கும் வருகிறார். வந்தால் வாசலில் நின்றுவிடுவார். அப்பா "வாங்க சம்பந்தி" என்பார். நகர மாட்டார். அண்ணி தெலுங்கில் கூப்பிடுவாள். நகர மாட்டார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வர வேண்டும்.

"ரா!" என்று கத்துவேன்.

அப்புறம்தான் உள்ளே வருவார், கொட்டகையில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு.