கழற்றி மாட்டும் பெட்டி

கடைசி போல்ட் கழலவில்லை. மற்றவை கழன்று தரையில் உருண்டு, ஒன்று சாக்கடை மூடியின் ஓட்டை வழியாக உள்ளேயும் போய்விட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" மாடியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு."

"அப்போலேர்ந்து ஆச்சு ஆச்சுன்னுதான் சொல்றீங்க. அப்பா பாவம், செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

மாமனார் வண்டியிலிருந்து மரியாதையான தூரத்தில் நின்றார். கையில் முட்டியின் எக்ஸ்ரே.

"அவசரமில்ல மாப்பிள்ளை. நிதானமாப் பண்ணுங்க."

நீண்ட பயணங்களுக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் அது. பின்னால் ஒரு பெட்டி, ஒரு சின்னக் குடும்பம் வாடகைக்கு வரும் அளவுக்கு. அதன் முன்பக்கத்தில் சாய்ந்துகொள்ள மெத்தை. அந்தச் சாய்மானம் இல்லாவிட்டால் மனைவி ஏற மாட்டாள். அந்தப் பெட்டி இருந்தால் மாமனார் ஏற மாட்டார். "காலைத் தூக்கிப் போட முடியல மாப்பிள்ளை, பெட்டி இடிக்குது" என்று அவர் ஏதோ குற்றம் செய்தவர்போலச் சொல்லியிருந்தார். வாரா வாரம் முட்டிப் பயிற்சிக்குக் கிளினிக் போக வேண்டும். இதுவரை டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தார்.

அன்றும் டாக்ஸிதான் வந்தது.

மனைவி கீழே இறங்கி வந்து தீர்ப்பு சொன்னாள். "வீட்டுப் பெரியவரை ஏத்திக்கிட்டுப் போக முடியாத வண்டி எதுக்கு? அடுத்த திங்கக்கிழமை அப்பா இதுல போகணும். இல்லைன்னா இது போகணும்."

அவன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு எண் பார்த்துச் சொல்வது வேலை. அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை அந்த வண்டி. அன்று மாலையே வெல்டரிடம் போனான்.

"பெட்டி சட்டுன்னு கழலணும். ஸ்பானர் எல்லாம் வேண்டாம், கையாலயே."

வெல்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "கழலுறது சுலபம் சார். கழலாம இருக்கிறதுதான் கஷ்டம்."

"நீங்க முதல்ல கழலுறதைப் பாருங்க."

போல்ட்டுகளுக்குப் பதில் காது வைத்த நட்டுகள் வந்தன. விரலால் திருகினால் போதும். மனைவியிடம் செய்து காட்டினான். மாமனாரிடமும் செய்து காட்டினான். "பிரமாதம்" என்றார் மாமனார், சற்றுத் தாமதமாக.

மறுநாள் காலை கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெட்டி இல்லை.

வந்த வழியே ஓடினான். வேகத்தடைக்கு அப்பால், நடுரோட்டில் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய கண்ணாடிகள் எல்லாம் சாலை முழுக்க. போக்குவரத்துக் காவலர் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை மாட்டியும் பார்த்தார்.

"இது யாருடையது?"

"ஒரு டீச்சரம்மாவோடது சார்."

"நல்லாத் தெரியுதேய்யா!" காவலர் சாலையின் இரு பக்கமும் பார்த்து வியந்தார். பிறகு அதே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். "வேகத்தடை எதுக்கு வச்சிருக்கு?"

"மெதுவாப் போறதுக்கு சார்."

"இவ்வளவு விவரம் தெரிஞ்சவரா நீங்க!"

கண்ணாடியைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காவலரிடம், கடைக்கு வந்து கண்ணைச் சோதித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தான். டீச்சரம்மா பிரேமில் விழுந்த கீறலுக்குத் தனியாகப் பேசினார்.

மாமனார் கதையைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். "நல்லவேளை, பெட்டி மட்டும்தான் விழுந்துச்சு."

விழுந்ததில் பெட்டியின் பிரேக் விளக்குக்குப் போகும் வயர் அறுந்திருந்தது. இதற்குப் போய் வெல்டரா என்று அவனே உட்கார்ந்து இணைத்தான். கழற்றி மாட்ட வசதியாக நடுவில் ஒரு பிளக்கும் வைத்தான். சோதித்தபோது விளக்கு எரிந்தது. கூடவே ஹார்னும் அலறியது. அதற்குப் பிறகு பிரேக்கைத் தொட்டாலே ஹார்ன். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துத் திட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்மா, "உன் வீட்டுல நோயாளியே இல்லையாடா?" என்றார்.

"இருக்காங்கம்மா. அவருக்காகத்தான் இவ்வளவும்."

பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் சத்தம் வராது என்று கண்டுபிடித்தான். இரண்டு நாள் அப்படியே ஓட்டினான். மனைவி அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் போனாள்.

மறுபடி வெல்டர். இம்முறை இரும்பில் ஒரு தாழ்ப்பாள் செய்தார். சாவியைத் திருப்பி, நெம்பி என்ற சின்னக் கைப்பிடியை இழுத்தால் பெட்டி கையோடு வரும். வேகத்தடை என்ன, மலையிலிருந்து உருண்டாலும் கழலாது. வயரையும் சரிசெய்தார்.

அவன் மகிழ்ச்சியில் தேவையான எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடினான். தாழ்ப்பாள் சாவியையும்.

பெட்டியின் பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் அதே சாவிதான். மாற்றுச் சாவி எங்கே என்று மனைவி கேட்டாள். அதுவும் பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டிக்குள்தான் இருந்தது.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டிருக்கலாம். அதுவாவது கொஞ்சம் சாய்ஞ்சுக்க இடம் குடுக்குது" என்றாள்.

சனிக்கிழமை வெல்டரே வீட்டுக்கு வந்தார். பூட்டை உடைத்தார். புதிதாக, சாவியே தேவைப்படாத தாழ்ப்பாளாக மாற்றினார். எல்லோரும் வாசலில் கூடினார்கள். அவன் நெம்பியை இழுத்தான். 'டக்'. பெட்டி கைக்கு வந்தது. வைத்தான். 'டக்'. உட்கார்ந்தது. பிடித்து உலுக்கினான். வண்டி ஆடியது, பெட்டி ஆடவில்லை.

மனைவி கை தட்டினாள். அந்த வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

மாமனார் அருகே வந்து நெம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தார். "இனி எந்தத் தடையும் இல்லைன்னு சொல்றீங்க?"

"ஒண்ணுமே இல்ல மாமா. திங்கக்கிழமை நம்ம ரெண்டு பேரும் ஜாலியாப் போறோம்."

"ஓ" என்றார் மாமனார். பிறகு வெல்டரிடம், "ஞாயித்துக்கிழமைகூடக் கடை உண்டா தம்பி?"

"உண்டுங்கய்யா."

"பாவம். ஓய்வே இல்ல."

ஞாயிறு மாலை கணவனும் மனைவியும் நடந்தே கடைத்தெருவுக்குப் போனார்கள், மாமனாருக்கு ஹெல்மெட் வாங்க. கடைக்காரர் காட்டியதில் மிகப் பெரியதை எடுத்தார்கள். திரும்பி வந்தபோது மாமனார் முகம் கழுவி, கலைந்த தலையைச் சீவிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

"அப்பா முகத்துல எவ்வளவு சந்தோஷம் பாருங்க" என்றாள் மனைவி. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

திங்கள் காலை அவன் நெம்பியை இழுத்தான். அசையவில்லை. இரு கையாலும் இழுத்தான். காலை ஊன்றி இழுத்தான். சுத்தியலால் தட்டினான். எதிர்வீட்டுக்காரர் வந்து அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அவன்தான் கழன்று அவர்மேல் விழுந்தான்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "போதும். நாளைக்கே வித்துடலாம்."

அவன் தரையில் உட்கார்ந்தபடி வண்டியைப் பார்த்தான். தோற்றுவிட்டது தெரிந்தது.

ஹெல்மெட்டோடு நின்ற மாமனார் மெதுவாகத் தாங்கித் தாங்கி வந்து அவன் தோளில் கை வைத்தார். "வேண்டாம்மா. மாப்பிள்ளை ஆசை ஆசையா வாங்கின வண்டி. எனக்காக விக்கிறதுன்னா என் மனசு கேக்காது. நான் எப்பவும்போல டாக்ஸியில போய்க்கறேன். இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, என்ன?"

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்? கைத்தாங்கலாக அவரை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, அது தெருமுனை திரும்பும்வரை கையசைத்தான். பிறகு கோபத்தோடு வெல்டருக்குப் போன் போட்டான்.

"என்னய்யா வேலை பண்ணி வச்சிருக்க? தாழ்ப்பாள் துளிகூட அசையல!"

"எப்படி சார் அசையும்? அடியில வெல்டிங் வச்சு அடைச்சிருக்கே."

"யாரைக் கேட்டு அடைச்ச?"

"நேத்து உங்க மாமனாரே வண்டியை ஓட்டிட்டு வந்து, பெட்டிக்கு மேல காலை ஒரே வீச்சா வீசி இறங்கி, அடைக்கச் சொன்னாரு சார், ஓட்டும்போது முட்டி நல்லாத்தான் மடங்குதாம், மாப்பிள்ளை பின்னாடி உட்காரணும்னாதான் மடங்க மாட்டேங்குதாம்."