கோலம் சிடி மேல் போட்ட பழி

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மனைவி கல்யாணசுந்தரியை நான் ஒரே ஒரு தடவை ஜெயித்திருக்கிறேன். 2004-ம் வருஷம், புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம், மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை. அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கோவில்பட்டியில் எனக்கு ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பார்கள். எங்களுக்கு அது ஆபீஸ்தான். உரிமையாளர் நவநீதகிருஷ்ணன் என்று போர்டில் இருக்கும். போர்டில் மட்டும்தான் இருக்கும். பெட்டியில் ஒட்டுகிற லேபிள் படங்களை வரைவது கல்யாணி. அதற்காக ஆபீஸை ஒட்டிய வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். வாங்கிய அன்றே சட்டம் போட்டுவிட்டாள். லேபிள் வேலை மட்டும்தான், விளையாட்டுச் சாமான் எதையும் ஏற்றக் கூடாது. மகள் அப்போது திருநெல்வேலி ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர். சட்டம் யாருக்கு என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

எனக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். நிஜக் காரை ஒரு தடவை ஓட்டியிருக்கிறேன். மழை பெய்து கரிசல் மண் ஊறிக் கிடந்த நாளில், எட்டயபுரம் ரோட்டிலிருந்து நேராக ஒரு பருத்திக்காட்டுக்குள் இறங்கினேன். இரண்டு ஜோடி மாடு கட்டித்தான் வெளியே இழுத்தார்கள். அதற்குப் பிறகு என்னை யாரும் ஓட்ட விடவில்லை. கம்ப்யூட்டர் காருக்குப் பருத்திக்காடு கிடையாது.

பந்தய விளையாட்டின் ஒரிஜினல் சிடி கடையில் கிடைக்கும். ஆனால் அது பெரிய அட்டைப்பெட்டியோடு வரும். ஒளிக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மணிகண்டபிரபு, இன்டர்நெட்டில் எங்கேயோ இறக்கிய பந்தய விளையாட்டைச் சும்மாவே சிடியில் போட்டுத் தந்தான்.

“அண்ணாச்சி, ஏத்தும்போது ஆன்டிவைரஸ் செவப்புல எழுதிக் காட்டிக் கத்தும். அத அமத்திப் போட்டுட்டு ஏத்துங்க.”

“அது ஏன்டே கத்துது?”

“அதுக்கு இதப் பிடிக்காது அண்ணாச்சி.”

எனக்குப் பிடித்தது எதுதான் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது. அமத்திவிட்டேன்.

திங்கட்கிழமை கல்யாணி கழுகுமலை கோயிலுக்குக் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை அவள் அக்கா வீட்டுக்கு. இரண்டு நாளும் நான் ராஜா. புதன்கிழமை அவள் ஆபீஸில் இருந்த நேரம், மூன்றாவது சுற்றில் கார் நின்றது. நான் ஏதோ பரிசு ஜெயித்துவிட்டதாகத் திரையில் ஒரு கட்டம் வந்தது. மூடினேன், இரண்டு வந்தன. இரண்டையும் மூடினேன், நாலு வந்தன. பதறிப்போய் லேபிள் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் ஆறுமுகசாமி வருகிறார். வடநாட்டுக்கு அனுப்பப் புது மார்க், அதாவது புதுப் படமும் பேரும், போட வேண்டும். லேபிள் பிடித்தால்தான் ஆர்டர், இல்லாவிட்டால் தீபாவளி வரை ஆபீஸில் பாதி நாள் வேலை இருக்காது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது ஆர்டரை நினைத்து அல்ல.

மேஜையில் ஒரு கோலம் சிடி கிடந்தது. பக்கத்து வீட்டு முத்துச்செல்வி கல்யாணிக்குக் கொடுத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. என் சிடியை வேட்டி மடியில் சொருகிக்கொண்டு குரல் கொடுத்தேன்.

“ஏட்டி கல்யாணி, இங்கன வா. கோலம் சிடியப் போட்டு வைரஸ ஏத்தி வச்சிருக்க. லேபிள் பூராம் போச்சு.”

வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என் தப்புதாங்க.”

இந்த இரண்டு வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்க நான் பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கால்மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கண்டவர் கொடுக்கிற சிடியைப் போடக் கூடாது. சும்மா கிடைக்கிறது என்று எதையும் ஏற்றக் கூடாது. ஆன்டிவைரஸ் கத்தினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எல்லாம் மணிகண்டபிரபு சொன்னதைத் தலைகீழாகத் திருப்பியது. கல்யாணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

“நீங்க சொல்லுதது ரொம்பச் சரி. நம்ம ஆபீஸ் வாசல்ல சோதிக்காகள்லா, அதே மாதிரி இந்த ரூமுக்கும் வச்சிருவோமா?”

தீப்பெட்டி ஆபீஸுக்குள் யாரும் தீப்பெட்டி கொண்டு போக முடியாது. பீடி, லைட்டர் எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். எங்கள் வாட்ச்மேன் கொம்பையா கை வைத்தால் தலைமுடிக்குள் இருக்கிற ஒற்றைக் குச்சியும் தப்பாது. அருமையான யோசனை என்று பாராட்டினேன். நானே ஒரு தாளில் எழுதினேன். ‘இந்த அறைக்குள் சிடி கொண்டுவரக் கூடாது. யாராக இருந்தாலும் சோதிக்கப்படுவார்கள்.’ கீழே என் கையெழுத்து. கதவில் ஒட்டினேன்.

“எப்பருந்துங்க?”

“இப்பருந்தே.”

மணி மூன்றரை. அவள் கொம்பையாவைக் கூப்பிட்டாள்.

“மொதலாளியவே மொதல்ல சோதிச்சிரு கொம்பையா. அவிய போட்ட சட்டம், அவியளே வழிகாட்டட்டும்.”

கொம்பையாவுக்குத் தொழில் பக்தி அதிகம். சட்டைப் பை பார்த்தான், மடிக்கு வந்தான், நின்றான்.

“மொதலாளி, வட்டமா என்னமோ தட்டுப்படுதே.”

சிடியின் மேல் மணிகண்டபிரபு பட்டையான பேனாவால் ‘அண்ணாச்சி கார் ரேஸ்’ என்று எழுதியிருந்தான். கல்யாணி அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். மேஜையிலிருந்த கோலம் சிடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். மேல் கவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

“அது கெடக்கட்டும், லேபிள் போச்சேட்டி” என்றேன்.

“லேபிள் பத்திரமா இருக்கு. குச்சியையும் மருந்தையும் ஒரே ரூம்ல போட்டு வைப்பமா? திங்கக்கெழம ராத்திரி நீங்க தூங்கினதுமே எல்லாத்தையும் சிடியில எடுத்து முத்துச்செல்வி வீட்ல குடுத்திட்டேன்.”

“திங்கக்கெழமையேவா?”

“கழுகுமல பஸ்ஸ விட்டுட்டேன். திரும்பி வந்து ஜன்னல் வழியா பாத்தேன். காரு வளையித பக்கமெல்லாம் நீங்களும் வளைஞ்சிட்டு இருந்தீக.”

மறுநாள் மணிகண்டபிரபுவே வந்து, கல்யாணி பக்கத்தில் நிற்க, கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்து ஆன்டிவைரஸைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை ஆறுமுகசாமி லேபிள்களைப் பார்த்தார். மயில் வேண்டாம் என்றார், சேவல் பழசு என்றார், குத்துவிளக்கைத் தள்ளி வைத்தார். கடைசிப் படத்தில் நின்றார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த நிமிஷமே ஆர்டர் கொடுத்தார். அன்றிலிருந்து ஆபீஸில் ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை. எனக்கு அதில் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்ததைக் கல்யாணி அப்படியே வரைந்திருந்தாள். தொப்பையோடு ஒருத்தர், கண் பிதுங்க, நாக்கைத் துருத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். கீழே ‘டிரைவர் மார்க்’.

இப்போது வடக்கே யாராவது ஒரு பீடி பற்றவைக்க வேண்டுமென்றால், முதலில் என் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்.