மலை பீர், கடல் பீர்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு பீர் பாட்டிலைத் திறந்தார். குடிப்பதற்கு அல்ல, கேட்பதற்கு. மூடி கழன்றதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. பாட்டிலின் வாயில் காதை வைத்துப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

“பாட்டில் என்னங்க சொல்லுது?” என்று மனைவி கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலை. அதுதான் பயமா இருக்கு.”

அந்த பீரை அவரே காய்ச்சியிருந்தார். குளியலறை மூலையில் ஒரு டிரம்மில் ஆறு வாரம் நொதிக்க வைத்து, வீட்டில் யாரையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் குளிக்க விடாமல் காவல் காத்து, இருபத்துநாலு பாட்டிலில் அடைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அதைக் குடித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் வரப்போகிறார். நுரையில்லாத பீரை நடுவர் முன்னால் வைப்பதைவிட, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடலாம்.

வினை தொடங்கியது பல் டாக்டரின் கிளினிக்கில். ஊரிலிருக்கும் பீர் ரசிகர்கள் எட்டுப் பேர், மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுவார்கள். ஈறு நோய்ப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டிலைத் திறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, அதற்குப் பிறகு குடிப்பார்கள். நாலு பேர் மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாலு பேர் கடல்பக்கம். முதல் ரவுண்டு முடியும்வரை எட்டுப் பேரும் பீர் ரசிகர்கள். இரண்டாவது ரவுண்டில் மலைக்காரர்களாகவும் கடல்காரர்களாகவும் பிரிந்துவிடுவார்கள்.

போன மாதம் ஆரம்பித்து வைத்தவர் பல் டாக்டர். அவர் கடல்பக்கம். மலை பீர் கறுப்பாக, கசப்பாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும், அந்த ஊர் ஆட்களைப் போலவே என்றார். கடல் பீரில் முக்கால்வாசி நுரை, கீழே சரக்கு இருக்காது, அந்த ஊர்ப் பேச்சைப் போலவே என்றார் மெக்கானிக். அதோடு எல்லோரும் பீரை மறந்துவிட்டார்கள்.

“மலைக்காரங்க வீட்டுக்குப் போனா, 'சாப்பிட்டுட்டுத்தானே வந்தீங்க?'ன்னு கேப்பாங்க. நாம வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே, 'ரொம்ப நல்லது'ன்னு சொல்லிடுவாங்க,” என்றார் டாக்டர்.

“கடல்காரங்க 'வாங்க வாங்க'ன்னு அரை மணி நேரம் சொல்லுவாங்க,” என்றார் மெக்கானிக். “வாசல்லயே நிக்கவச்சு.”

கடைசியில் ஒரு பந்தயம் முடிவானது. ஒரே ஞாயிறு, இரண்டு வீடு, ஒரே நடுவர். பகல் பன்னிரண்டுக்கு டாக்டர் வீட்டில் அவர் காய்ச்சிய கடல் பீர், நாலு மணிக்கு மெக்கானிக் வீட்டில் மலை பீர். நடுவர் ஒரு பெரிய பீர் ஆலையில் முப்பது வருஷம் தலைமை ருசியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மலையும் இல்லாமல் கடலும் இல்லாமல் நடுவில் சமவெளியில் பிறந்தவர். ஒரு மடக்கு குடித்துவிட்டு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. ஜெயித்தவருக்கு ஒரு செம்புக் குவளை. தோற்ற பக்கத்துக்காரர்கள் ஒரு வருஷம் கிளினிக்கில் தங்கள் ஊர்ப் பெருமையை வாயால் எடுக்கக்கூடாது. மெக்கானிக்கைப் பொறுத்தவரை ஒரு வருஷம் மூச்சுவிடக்கூடாது என்பதும் அதுவும் ஒன்றுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையே அவர் வைத்தியத்தில் இறங்கினார். பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரையும் துளி ஈஸ்ட்டும் போட்டுக் கதகதப்பான இடத்தில் வைத்தால் நுரை பிடிக்கும் என்று பீர் காய்ச்சும் கையேட்டில் இருந்தது. மெக்கானிக் மூன்று ஸ்பூன் போட்டார்.

“அரை ஸ்பூன்னுதானே போட்டிருக்கு?” என்றாள் மனைவி.

“அரை ஸ்பூன் போட்டா மலைக்காரன் கஞ்சன்னு சொல்லுவாங்க.”

ஈஸ்ட்டையும் அதே பெருந்தன்மையோடு போட்டார். பாட்டில்களை மூடி, கம்பளியில் சுற்றி, குளியலறை ஹீட்டரை இரண்டு நாள் அணைக்காமல் எரியவிட்டார். ஞாயிறு காலையில் எடுத்துப் பார்த்தபோது பாட்டிலுக்குள் குமிழிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே ஏறின. மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்துமூன்று பாட்டிலையும் துடைத்து, சமையலறை மேடையில் வரிசையாக நிறுத்தி, பக்கத்திலேயே விருந்துக்கென்று வாங்கிய புதுக் கண்ணாடிக் குவளைகளையும் அடுக்கினார்.

பகல் ஒரு மணிக்கு அவரும் மனைவியும் கூடத்தில் மேஜை விரிப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது முதல் பாட்டில் வெடித்தது. அது பக்கத்துப் பாட்டிலைத் தட்டியது. அது அதற்கடுத்ததை. சமையலறைக்குள் ஒரு சின்ன யுத்தம் நடந்து முடிவதற்குள் மாடி வீட்டுக்காரர் படி இறங்கி வந்து கேஸ் சிலிண்டரா என்று கேட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு பாட்டில்கூடத் தப்பவில்லை, ஒரு குவளைகூடத் தப்பவில்லை. சுவர்க் கடிகாரத்திலிருந்து பீர் சொட்டியது.

மனைவி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். மெக்கானிக் தரையைத் துடைத்தார். சர்க்கரை பீர் துடைக்கத் துடைக்கப் பரவியதே தவிரக் குறையவில்லை. வெந்நீர் ஊற்றினால் போய்விடும் என்று ஊற்றினார். அது கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்து, காய்ந்து, பசையானது. இரண்டரை மணிக்கு அவர் செருப்பு தரையோடு நின்றுவிட, கால் மட்டும் நடந்து போனது.

“நடுவருக்குப் போன் பண்ணி, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்களேன்,” என்றாள் மனைவி.

“வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னதுமே மலைக்காரனுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு டாக்டர் ஊர் பூராச் சொல்லுவார். பீர் வாங்கிட்டு வரேன்.”

தெருமுனைக் கடையில் மலை பீர் தீர்ந்துவிட்டிருந்தது. கடைக்காரர் கையைக் காட்டிய அலமாரியில் இருந்தது முழுக்கக் கடல் பீர். மெக்கானிக் அந்த அலமாரிக்கு முன் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றார். பிறகு இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டார்.

குவளைகள் போய்விட்டதால் வீட்டில் மிஞ்சியவை எட்டு வெள்ளை சூப் கிண்ணங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் கடல் பீர் எலுமிச்சைத் தண்ணீர் போலத் தெரிந்தது. அதை மலை பீர் என்று பச்சைக் குழந்தைகூட நம்பாது. ஆகவே எல்லா பீரையும் டிரம்மில் கொட்டி, கெட்டியான காப்பி டிகாஷன் போட்டுக் கலக்கினார். அவசரத்தில் வடிகட்ட மறந்ததால் காப்பித்தூளும் சேர்ந்து போனது. நிறம் அருமையாக வந்தது. கலக்கிய கலக்கலில் நுரை மட்டும் மறுபடி போய்விட்டது. கையை உயரத் தூக்கி ஊற்றினால் கொஞ்ச நேரத்துக்கு நுரை நிற்கிறது என்று கண்டுபிடித்தபோது மணி நாலு. அழைப்பு மணி அடித்தது.

நடுவர் முன்னால் நின்றார். ஒல்லியான மனிதர், நல்ல கோட்டு. பின்னால் பல் டாக்டரும் மற்ற ஆறு பேரும். வீடு முழுக்கச் சாராயம் காய்ச்சின நாற்றம். ஆறு பேரில் இருவர் கைக்குட்டையை எடுத்தார்கள். நடுவர் மட்டும் முகம் சுளிக்காமல் உள்ளே வந்தார். பெரிய மனுஷர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

நாலாவது அடியில் நடுவரின் காலுறை தரையில் ஒட்டிக்கொண்டது.

பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் சிக்கியவர்களிடம் பேசுவதற்கென்று மெக்கானிக்கிடம் ஒரு குரல் உண்டு. அந்தக் குரலை எடுத்தார்.

“ஒண்ணும் பதறாதீங்க. இப்படி உக்காருங்க, அஞ்சே நிமிஷம்.”

நடுவரைத் தன் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். வெந்நீர் கொண்டுவந்து அவர் கால்களைத் தொட்டியில் வைத்தார். மலைப்பக்கத்தில் தூரத்திலிருந்து வந்தவர்களை இப்படித்தான் வரவேற்போம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். மனைவி, புருஷனுக்காகப் பின்னி இன்னும் போடாமல் வைத்திருந்த புதுக் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றவர்களுக்கும் வரிசையாக வெந்நீர் வந்தது. சமையலறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்பதால் எவரையும் நாற்காலியை விட்டு எழவே விடவில்லை.

“தண்ணி நானே எடுத்துக்கறேனே,” என்று எழுந்த ஒருவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

பிறகு பீர் வந்தது. மெக்கானிக் ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கி, சூப் கிண்ணத்தைக் கீழே பிடித்து, அருவி மாதிரி ஊற்றினார். நடுவர் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். பல் டாக்டர் ஒரு மடக்கு குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“இதுதான் மலை. கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் சொல்லுவேன். இந்தக் கசப்பு எங்க பக்கத்துல ஜென்மத்துக்கும் வராது,” என்றார்.

டாக்டர் தன் ஊர் பீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியும். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக்குக்குச் சிரிக்க நேரமில்லை. கிண்ணம் காலியானால் அடியில் காப்பித்தூள் தெரிந்துவிடும். ஆகவே அவர் ஜாடியும் கையுமாகக் கூடம் முழுக்கச் சுற்றினார். அரைக் கிண்ணம் இறங்குவதற்குள் ஊற்றினார். போதும் என்று கையை வைத்தவர்களின் விரலிடுக்கில் ஊற்றினார். நடுவர் பக்கத்தில் மண்டிபோட்டே உட்கார்ந்துவிட்டார். நடுவர் இரண்டு விரற்கடை குடித்தால் இவர் மூன்று விரற்கடை நிரப்பினார். இரண்டு மணி நேரத்தில் டிரம் காலி. எட்டுப் பேரும் மலைப்பாட்டு, கடல்பாட்டு என்ற வித்தியாசமில்லாமல் தெரிந்ததைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு நடுவர் எழுந்து நின்றார். கூடம் அடங்கியது.

“நான் நெறையப் பேச மாட்டேன். இந்த வீடுதான்,” என்றார்.

செம்புக் குவளை மெக்கானிக்கின் கைக்கு வந்தது. மூன்று மலைக்காரர்கள் அவரைத் தூக்கப் பார்த்து, தரை ஒட்டியதால் பாதியில் இறக்கிவிட்டார்கள். பல் டாக்டர் எழுந்து வந்தார். வாயைத் திறந்தார், பந்தயம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பிறகு மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் பொய் இல்லை. அதுதான் மெக்கானிக்கை உறுத்தியது. கடல் பீரை ஊற்றி மலைக்குப் பரிசு வாங்கியாகிவிட்டது. குவளை கையில் கனத்தது.

நடுவரை அழைத்துப்போக அவர் மகள் காரில் வந்திருந்தாள். எல்லோரும் படியிறங்க, அப்பாவின் கோட்டை எடுக்க அவள் மட்டும் மேலே வந்தாள். மெக்கானிக் கதவருகே அவளை நிறுத்தினார்.

“அம்மா, குவளையை அப்பாகிட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் ஊத்தினது என் பீரே இல்லை. கடையில வாங்கின கடல் பீர், காப்பி வேற கலந்திருக்கேன். இதை அவர்கிட்டச் சொல்லிடணும்.”

அவள் சிரித்தாள். குவளையை அவர் பக்கமே தள்ளினாள். படிப்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“போன வருஷம் வந்த காய்ச்சல்ல அப்பாவுக்கு மூக்கும் நாக்கும் சுத்தமாப் போயிடுச்சுங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, இப்பல்லாம் எந்த வீட்டுல கேக்காமலே மறுபடி ஊத்தறாங்கன்னு பாத்துத்தான் பரிசு குடுக்கறார்.”