ஃப்ளோரைடு என் புடவையைப் பிடித்த நாள்

சரியான விடையை எழுதிவிட்டு அதை அழிக்கும் வியாதி எனக்கு உண்டு. காபியில் சர்க்கரை போட்டேனா என்று இரண்டு முறை ருசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஸ்பூன் போடுகிற ஆள் நான்.

அப்படிப்பட்டவள், குழந்தை பிறந்த பிறகு முதன்முறையாக வேலை கேட்டுப் பெரம்பலூர் பள்ளி ஒன்றுக்குப் போனேன். பிளஸ் டூ மாணவிகளுக்கு வேதியியல் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இது கிடைக்காவிட்டால் என் எம்.எஸ்ஸி. சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்குத் துணையாகவே கிடக்கும். அன்றைக்கென்று மாமியாருக்குக் காய்ச்சல். ஒன்றரை வயது இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அரியலூரில் பஸ் ஏறினேன்.

"நீங்க போங்க டீச்சர், பாப்பாவ நாங்க பாத்துக்குறோம்" என்று ஆபீஸ் அக்காக்கள் நால்வர் அவளை வாங்கிக்கொண்டார்கள். (இன்னும் டீச்சர் ஆகவில்லை. ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது.)

தலைப்பு, கருக்கவர் பொருள்களின் வலிமை. எலக்ட்ரான்களோடு வந்து கார்பனைப் பற்றிக்கொள்பவை அவை. வேகமாகப் பற்றுவதே வலியது. தண்ணீரில் அயோடைடு முதலிடம், ஃப்ளோரைடு கடைசி என்று சரியாகத்தான் எழுதினேன். உடனே சந்தேகம். அழித்துத் தலைகீழாக எழுதினேன். அதையும் அழித்தேன்.

"மிஸ், நாங்க பென்சில்லயே எழுதிக்கவா?" என்றாள் முன்பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை, "ஏம்மா, ஃப்ளோரைடு ஏன் தண்ணியில பின்தங்குது? அதையாவது சொல்லுங்க" என்றார்.

தெரியும். அதையும் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று டஸ்டரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்போது வராண்டாவில் ஓர் அலறல். நான்கு அக்காக்களும் இனியாவைச் சுற்றி நின்று பிஸ்கட்டும் சாவிக்கொத்தும் காட்டிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னிடம் வரத் துடிக்கிறாள், விட்டால்தானே! ஆபீஸில் போன் அடித்தது. அக்காக்கள் திரும்பினார்கள். அவ்வளவுதான், தள்ளாடியபடியே ஓடிவந்து என் புடவைக் கொசுவத்தைப் பற்றினாள். நான் கொசுவத்தைப் பிடிக்க, கையிலிருந்த டஸ்டர் பறந்துபோய் முன்பெஞ்சுக்காரியின் தலையில் பட்டு மடியில் விழுந்தது.

அவமானத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"இதான் ஃப்ளோரைடு! சின்னது. தண்ணி மூலக்கூறெல்லாம் சுத்தி நின்னு இறுக்கிப் புடிச்சிக்கும், நகரவிடாது. பெருசா இருக்குற அயோடைட அவ்வளவு இறுக்காது, அது பாட்டுக்குப் போயிடும். இப்படிச் சுத்தி நிக்காத கரைப்பான்ல விட்டுப் பாருங்க, ஃப்ளோரைடுதான் மொதல்ல வந்து ஒட்டும்!"

"அப்ப டஸ்டர், மிஸ்?" என்றாள் முன்பெஞ்சுக்காரி, தலையெல்லாம் சாக்பீஸ் தூளாக.

"கார்பன்ல ஒண்ணு வந்து ஒட்டுனா, ஏற்கெனவே ஒட்டியிருந்த இன்னொண்ணு வெளியேறணும்ல?"

கைதட்டல் ஆபீஸ் வரை கேட்டதாம். தலைமையாசிரியை சிரிப்பில் நீர் கோத்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழம வந்து சேந்துடுங்க. இந்தத் தடவ அழிக்கல பாருங்க!" என்றார்.

"எழுதவே இல்லீங்களே, மேடம்" என்றேன். கரும்பலகை காலியாகத்தான் இருந்தது.

இனியா இப்போது மூன்றாம் வகுப்பு. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைச் சூழ்ந்து கன்னத்தைக் கிள்ளினால், "கரைப்பானெல்லாம் கொஞ்சம் வெலகுங்க, ஃப்ளோரைடு பந்திக்குப் போவணும்" என்பார் என் கணவர். மாமியார் விடமாட்டார்: "அன்னைக்கு எனக்கு மட்டும் ஜொரம் வரலன்னா இவளுக்கு ஏது வேல?"

அந்த விடையை மட்டும் நான் இதுவரை அழித்ததில்லை.